நோயில்லாத ஒரு வேம்பு

காட்டு மரங்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், சென்னையில் முதலில் வரும் கேள்வி, இங்கே ஏது காடு என்பதுதான். கிண்டியிலிருந்து மயிலாப்பூர் போகிற வழியில் ஓர் ஆட்டோக்காரர், என் மடியிலிருந்த குச்சிக்கட்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன். "மனுசனுக்கே டாக்டர் கெடைக்கல, மரத்துக்கு டாக்டரா? இன்னா மேடம் நீ," என்றார். அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு முகமில்லை. டாக்டர் என்றால் குணமாக்க வேண்டும். நான் இத்தனை வருடத்தில் ஒரு மரத்தைக்கூடக் குணமாக்கியதில்லை. இன்ன நோய் என்று பெயர் சொல்வேன், அவ்வளவுதான். நான் பெயர் சொல்லிவிட்டு வந்த மரங்கள் அதனதன் பாட்டுக்குச் செத்துக்கொண்டுதான் இருந்தன.

இந்த வேலையில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் பேராசிரியை. என்னைவிட மூத்தவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கடற்கரையை ஒட்டிய ஒரு சின்னக் கோவில் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் பாதிப் பேர் வாத்தியார்கள், மீதிப் பேர் நர்சுகள். அவர் காட்டிலும் தெருவிலும் அலைந்து மாதிரிகள் எடுத்து வருவார். கிண்டிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆய்வகத்தில் நான் அவற்றை வளர்த்துப் பார்ப்பேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிக் கிளை நுனியை வெட்டுவார். கீழே நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஆரம்பத்தில் எங்களுக்குள் ஒரு பெரிய சண்டை வந்தது. அவர் கொண்டுவரும் உறைகளின் மேல் வாடிய மரம், நல்ல மரம் என்று எழுதியிருப்பார். நல்ல மரம் என்று எழுதியதை நான் மேலோட்டமாகப் பார்ப்பதாகவும், வாடியதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதாகவும் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். உறையில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்த மரம் என்பது எனக்குத் தெரியாது. நான் முடிவைச் சொன்ன பிறகுதான் அவர் மரத்தைச் சொல்வார். முதலில் அவமானமாகத்தான் இருந்தது. போகப்போக அதைப்போல நிம்மதி வேறில்லை என்று ஆகிவிட்டது. எதற்கும் ஆசைப்படாமல் பார்க்கலாம் பாருங்கள்.

மழைக்காலத்தில் வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகுவதை இந்த ஊரில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. மரம் முழுக்கத் தீய்ந்ததுபோலப் பழுப்பாகிவிடும். செல்போன் டவர்தான் காரணம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றும். யாரோ ஆசிட் ஊற்றிவிட்டார்கள் என்று இன்னொன்று சுற்றும். என் சொந்த மைத்துனர் அதை எனக்கே அனுப்பி, பார்த்தாயா என்று கேட்பார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். காரணம் ஒரு பூஞ்சை. வெயில் காலத்தில் மரம் மறுபடி துளிர்க்கும், எல்லாரும் மறந்துவிடுவார்கள், அடுத்த மழையில் மறுபடி கருகும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளைக்கும். மருந்தடிக்கலாம்தான். ஊரிலும் காட்டிலும் இருக்கிற அத்தனை வேம்புக்கும் யார் அடிப்பது?

அதைவிட மோசம், அந்தப் பூஞ்சை விதை வழியாகவும் போகும். நர்சரியில் வேப்பங்கொட்டையை முளைக்கவைத்துக் காட்டோரங்களில் கொண்டுபோய் நடுகிறார்களே, நோயையும் சேர்த்துத்தான் நடுகிறார்கள். இதற்கு இருக்கிற ஒரே வழி, நோயில்லாத ஒரு தாய்மரத்தைக் கண்டுபிடித்து, அதன் விதையிலிருந்து மட்டும் கன்று வளர்ப்பது. அக்கா இதைப் பிடித்துக்கொண்டார். வடக்கே இருக்கும் புதர்க்காடுகள், கிண்டிக் காட்டோரம், அடையாறு, தி. நகர் சந்துகள், கே.கே. நகர் பூங்காக்கள் என்று போகாத இடமில்லை. பச்சைப் பசேலென்று நிற்கிற மரமாகப் பார்த்துத்தான் வெட்டி வருவார். கழுவித் துடைத்து, பூஞ்சை வளர்க்கிற அகார் தட்டில் வைத்தால் சில நாளில் பஞ்சு மாதிரி வெள்ளையாகக் கிளம்பும், அப்புறம் கருப்பாகப் புள்ளி வைக்கும். அந்த மரமும் போச்சு என்று அர்த்தம். வெளியே ஒரு இலைகூட வாடாத மரங்களெல்லாம் உள்ளே அதை வைத்துக்கொண்டிருந்தன.

இந்தத் தொழிலில் ஒரு அநியாயம் உண்டு. நோய் இருக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு தட்டு போதும். இல்லை என்று சொல்ல எத்தனை தட்டு வைத்தாலும் போதாது. இதுவரைக்கும் வரவில்லை என்றுதான் சொல்ல முடியும்.

அப்படி, இதுவரைக்கும் வரவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு மரம் கடைசியில் கிடைத்தது. அக்கா அதன் எண்ணைப் பிரித்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய பங்குக் கோவிலை ஒட்டிய பள்ளி வாசலில் நிற்கிற வேம்பு. காடெல்லாம் அலைந்துவிட்டு, தினமும் ஸ்கூட்டர் நிறுத்துகிற மரத்திடம் வந்து நின்றோம். கோடை, மழை, பனி என்று ஒவ்வொரு பருவத்திலும் எடுத்துப் பார்த்தோம். ஒன்றும் வளரவில்லை. அன்றைக்கு மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு பேரும் பொடி தோசை சாப்பிட்டோம். அக்கா கைகழுவக்கூட எழுந்திருக்காமல் அந்த மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். விதை பொறுக்கித் தன் வீட்டு மொட்டை மாடியில் பைகளில் போட்டு முளைக்கவைத்தார். வனத்துறை நர்சரி ஒன்றில் பேசி, கன்றுகளை வாங்கிக்கொள்ளவும் சம்மதிக்கவைத்திருந்தார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டத் தீர்மானித்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தகரக் கொட்டகையில் படித்துக்கொண்டிருந்தார்கள். இடம் கொஞ்சம்தான், நடுவில் மரம். அக்கா, கோவிலையும் பள்ளியையும் நடத்துகிற பங்குப் பேரவையில் போய் நின்று, இது மாதிரி மரம் இந்த ஊரில் வேறில்லை என்று கெஞ்சினார். ஃபாதர் நல்ல மனிதர், யோசித்தார். மரத்தை விட்டுவிட்டுக் கட்டினால் இரண்டு வகுப்பறை குறையும். அக்கா தானே ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்: மரம் சுத்தமாக இருக்கிறவரைக்கும் விட்டுவையுங்கள், நோய் வந்துவிட்டால் நானே வந்து சொல்கிறேன். பேரவை ஒத்துக்கொண்டது. இப்படியா போய் மாட்டிக்கொள்வீர்கள் என்று நான் கத்தினேன். வேறு என்ன சொல்லி நிறுத்தியிருக்க முடியும் என்று கேட்டார்.

அடுத்த மழை முடிந்ததும் வழக்கம்போல உறைகள் வந்தன, வழக்கம்போல எண்கள். வளர்த்துப் பார்த்து, அக்காவைப் போனில் கூப்பிட்டு முடிவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பலதில் இருந்தது, சிலதில் இல்லை. காபி குடித்துக்கொண்டே சொன்னேன். ஒரு எண்ணைச் சொன்னதும் அக்கா நடுவில் நிறுத்தினார்.

"அத திருப்பிச் சொல்லு," என்றார்.

சொன்னேன். இத்தனை தட்டில் ஒரே ஒரு தட்டில்தான் வளர்ந்திருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் மரத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துவிட்டது. காபியை வைத்துவிட்டு அந்தத் தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

அன்றைக்கே நான் கன்டாமினேஷன் என்று பேச ஆரம்பித்தேன். பக்கத்துத் தட்டிலிருந்து பறந்து வந்திருக்கும், ஏசி காற்றில் வந்திருக்கும், என் கையிலேயே இருந்திருக்கும். எந்த ஆய்வகத்திலும் நடக்கிறதுதான். மறுபடி எடுத்து வாருங்கள் என்றேன். எடுத்து வந்தார், அப்போதும் எண்தான் போட்டிருந்தார். பெரும்பாலும் எதுவும் வளரவில்லை. ஒரு தட்டின் ஓரத்தில் மட்டும் மறுபடி அந்த வெள்ளைப் பஞ்சு. எண்ணைப் பிரித்தால் அதே மரம். நான் விடவில்லை. இதெல்லாம் ஒரு ஆதாரமா, இன்னொரு மழை பார்க்கலாம் என்று வாதாடினேன். அக்கா என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அடையாறு மரமா இருந்திருந்தா நீ இவ்ளோ பேசுவியா?" என்றார்.

பேசியிருக்க மாட்டேன். நோய் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த உறையைப் பிரித்திருப்பேன்.

மொட்டை மாடிக் கன்றுகளை யாருக்கும் தரமாட்டேன் என்றுவிட்டார் அக்கா. ஒரு கன்று சுத்தமா என்று பார்க்க வேண்டுமென்றால் அதை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். அறுத்துப் பார்த்த கன்றை எங்கே நடுவது? எல்லாவற்றையும் பிடுங்கி எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, நீராவியில் கிருமியைக் கொல்கிற ஆட்டோகிளேவில் வைத்து வேகவைத்தோம். கீரை வேகிற வாசனை வந்தது. நர்சரிக்காரர்கள் பரவாயில்லை மேடம் என்று சொல்லிவிட்டு, வழக்கமாக வாங்குகிற இடத்திலேயே விதை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

பேரவைக்குத் தனியாகப் போகிறேன் என்றார். நான் விடாமல் கூடவே போனேன். கோவிலுக்குப் பின்னால் இருக்கும் அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாருக்கும் டீ. அக்கா எழுந்து, மரத்துக்கு நோய் வந்துவிட்டது, நான் சொன்ன வாக்கு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதானா என்று எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுந்து நோய் வந்தாலும் மரம் மரம்தான், இன்னும் எத்தனையோ வருடம் நிற்கும், நிழல் தரும் என்றெல்லாம் படபடவென்று பேசினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, பிள்ளையை அந்தக் கொட்டகையில் படிக்கவைக்கிறவர், என்னைப் பார்த்து அமைதியாகத்தான் கேட்டார்.

"அப்போ மத்த மரம் மாதிரிதானே மேடம் இதுவும்? எம்புள்ள தகரத்துக்குக் கீழ வெந்துகினு கீறான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். மற்ற மரம் மாதிரி என்றால் வெட்டலாமா என்று கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மரத்தைக் காப்பாற்ற நாங்கள்தானே அது மற்ற மரம் மாதிரி இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஃபாதர் அக்காவிடம் வருத்தப்பட்டுப் பேசினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, யார் மேலும் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆளாவது இருந்திருக்கலாம்.

அனுமதியெல்லாம் வாங்கி, ஒரு விடுமுறை நாளில் மரத்தை எடுத்தார்கள். மேலே ஒருவர் ஏறிக் கிளைகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அடிமரத்தை மெஷினில் அறுத்தார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. வேப்ப எண்ணெய் வாடை கோவில் வரைக்கும் அடித்தது. அக்கா அழவில்லை. வேலையாட்களிடம் சொல்லி, அடிமரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கிளையில் ஒன்று என்று வட்டமாகத் துண்டுகள் வெட்டி வாங்கினார். பழக்கம்தான். எந்த மரம் விழுந்தாலும் நாங்கள் துண்டு வாங்காமல் வந்ததில்லை. ஈரத் துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆய்வகத்துக்கு வந்தோம்.

துண்டுகளை மேசையில் பிரித்து வைத்தேன். வெட்டின பக்கம் சிவப்பேறி, எந்தக் கறையும் இல்லாமல் இருந்தது. கறை இல்லையென்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, அது எனக்குத் தெரியும். வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். மார்க்கர் பேனாவை எடுத்து அக்காவிடம் நீட்டினேன், நீங்களே எண் போடுங்கள் என்று. அவர் வாங்கவில்லை.

"வேணாம். வெச்சுப் பாக்காத. சுத்தமா இருந்துச்சுன்னா நான் எப்படிக் கோவிலுக்குள்ள போவேன்?"

பேனாவை மூடி வைத்தேன். துண்டுகளை உறையில் போட்டு, மேலே ஒன்றும் எழுதாமல் குளிர் அறையில் வைத்தோம். அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். இப்போதும் மாதிரிகள் கொண்டுவருகிறார், நானும் வளர்த்துப் பார்த்து முடிவு சொல்கிறேன். அந்த உறையைப் பற்றி அவர் கேட்டதில்லை, நானும் பேச்செடுத்ததில்லை. குளிரில் வைத்தாலும் வெட்டின கட்டை காய்ந்துகொண்டுதான் போகும், உள்ளே பூஞ்சை இருந்தாலும் அதுவும் செத்துப்போகும். அந்த நாளெல்லாம் தாண்டிவிட்டது. இனிமேல் எடுத்து வைத்துப் பார்த்து, ஒன்றும் வளராவிட்டாலும் அதற்கு அர்த்தம் கிடையாது.