லைலின் வயலில் ஒரு தடம்

நான் மினசோட்டாவைவிட்டுக் கிளம்பிய பிப்ரவரி செவ்வாயன்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என் தோழி வெர்னா தன் பனிவண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு, பாதையைவிட்டு விலகி, விவசாயி லைலின் குதிரைமசால் வயலுக்குக் குறுக்கே ஓட்டினாள். பனிக்கடியில் உறங்கும் அந்தத் தீவனப் பயிர், மேலே வண்டி ஏறினால் பட்டுப்போகும். எங்கள் பனிவண்டிச் சங்கத்தின் பாதைக்கு எல்லைக் குச்சி நடுபவளே அவள்தான். தாண்டுபவர்களை விரட்டித் திட்டுபவளும் அவள்தான். தன் நிலத்தின் வழியே போக லைல் அனுமதித்தால்தான் அந்தப் பாதையே உண்டு.

திரும்பும் வழியில் அவளே அவர் கதவைத் தட்டினாளாம்.

“அந்தத் தடம் என்னுதுதான், லைல்.”

“நீ நட்ட குச்சி உன் கண்ணுக்கே தெரியலையா?”

“தெரிஞ்சுது. அதான் வெக்கமா இருக்கு. இந்தக் குளிர் முடியறவரைக்கும் வண்டியைத் தொடமாட்டேன். பாதையை மூடிடாதே.”

“பயிர் முளைக்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

ஜூனில் நான் லிஸ்பனில் இருந்தபோது வெர்னாவின் செய்தி வந்தது: “முளைச்சிருச்சுடி! பாதைக்குச் சம்மதம்னு லைல் கையெழுத்துப் போட்டுட்டான். இனிமே குச்சி நட அவனும் வருவானாம். என்மேல நம்பிக்கை இல்லையாம்!”