இரண்டாம் வரிசையில் விழுந்த புள்ளி

அந்தப் படக்கோப்பின் தகவல் பக்கத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன்: ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி 41 நிமிடம், லென்ஸின் துளை எஃப் 16. படத்திலோ வெயில் கொளுத்துகிறது. மாரியம்மன் கோயில் முன்னால் மூன்று வரிசையாக ஒரு ஊரே நிற்கிறது. ஆண்கள் கையில் மஞ்சள் காப்பு, ஓரத்தில் கூழ்ப் பானைகள். அது ஆடி மாதத்து ஞாயிறு, காலை நேரம். பேட்டரி அடியோடு தீர்ந்து சில வாரம் கிடந்தால் அந்தக் கேமராவின் கடிகாரம் முதல் தேதிக்கே திரும்பிவிடும். அன்று காலை பேட்டரியைப் போட்டு நாற்பத்தோரு நிமிடம் கழித்து எடுத்த படம் என்பதைத் தவிர அந்தத் தேதியிலும் நேரத்திலும் உண்மை எதுவும் இல்லை. தேதி விஷயத்தில் நான் கறாரானவன். ஒரு பைக்கின் விலைக்கு விற்ற பொருள் தேதியைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளாது என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேமரா என் சகலையுடையது. என் மனைவியின் தங்கை கணவர். நெய்வேலிச் சுரங்கத்து ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர், பெர்மனென்ட். பைக் வாங்க ஒதுக்கிய பணத்தில் அதை வாங்கி வந்து எங்கள் குவார்ட்டர்ஸ் மேஜைமேல் வைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பழைய ஃபிலிம் கேமராவைப் போலவே வெள்ளி நிறத் தலை, கறுப்புத் தோல் உறை, மேலே திருகும் சக்கரங்கள். ஒவ்வொன்றையும் திருகித் திருகி அந்தக் கிளிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஜூம் எங்கே?" என்று கேட்டேன். "ஜூம் இல்ல சகலை. காலு இருக்குதில்ல, நடந்துபோயி எடுக்க வேண்டியதுதான்" என்றார். "லென்ஸையாவது மாத்தலாமா?" "மாத்த முடியாது." "அப்ப இந்த வெலைக்கு என்னதான் குடுத்தான்?" என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பதை ஒரு படம் எடுத்துத் திருப்பிக் காட்டினார். சத்தமே வரவில்லை, எடுத்தது அவளுக்கே தெரியாது. அரிவாள்மணையின் மினுக்கம், வெங்காயத் தோலின் ஊதா, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடி, எல்லாம் கண்ணால் பார்ப்பதுபோலவே இருந்தன.

அதன் பலம் அவ்வளவு. பலவீனமும் சொல்ல வேண்டும். தோள்பைக்குள் போட்டால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் தானே திரும்பிக்கொள்ளும். ஒரு கல்யாணம் முழுவதும் இருண்டுபோனது அப்படித்தான். அது ஃபோகஸ் பிடிப்பதற்குள் குழந்தைகள் ஓடிவிடுவார்கள். எல்லாவற்றையும்விட, தூசியைத் தடுக்க அதில் ஒன்றுமே இல்லை. நெய்வேலியில் தூசி விருந்தாளி அல்ல. காலையில் துடைத்த மேஜையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம்.

ஒர்க் ஷாப்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதில் தூசி படிந்தாலும் காற்றடிக்கும் குழாயை, ஏர் ஓஸை, நீட்டி அடித்துவிடுவார்கள். ஃபில்டருக்கு அடிப்பதை ஷிஃப்ட் முடிந்ததும் சட்டைக்கு அடிப்பார்கள். டிபன் கேரியருக்கும் அடிப்பார்கள். சகலை தன் வீட்டு மிக்ஸியையே தூக்கிப்போய் அடித்துக்கொண்டு வந்தவர். ஒருநாள் கேமராவுக்கும் அடித்தார். "ஏர் அடிச்சாப் போவாத தூசியா சகலை?" என்று என்னிடம் பெருமையாகவே சொன்னார். வெளியே இருந்த தூசி லென்ஸின் இடுக்கு வழியாக உள்ளே போய், படம் பதியும் சென்சார் சில்லின்மேல் உட்கார்ந்துகொண்டது. துளையை அகலமாக வைத்து எடுக்கும்வரை அது கண்ணுக்கே தெரியாது. துளையைச் சிறிதாக்கினால் கறுப்புப் புள்ளியாக எழுந்து நிற்கும். அவர் வழக்கமாக அகலமாகவே வைப்பார். ஆகவே தெரியவில்லை.

கம்மாபுரம் பக்கம் இருந்த அவருடைய ஊர் சுரங்கத்துக்காக இடம் மாறப்போகிறது என்று முடிவான ஆண்டு, கடைசியாகக் கூழ் ஊற்றிய அன்று, அத்தனை பேரையும் ஒன்றாக நிறுத்தினார். அன்று நானும் போயிருந்தேன். எல்லோரையும் அடக்க அவர் பின்னால் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் வேலி முள்ளில் முதுகைக் குத்திக்கொண்டார். "எங்கடா போற, பண்ருட்டிக்கா?" என்று கூட்டத்திலிருந்து அவருடைய அக்கா கத்த, எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வரிசையும் தெளிவாக விழ வேண்டுமென்று துளையைப் பதினாறுக்குத் திருகினார். எடுத்தார். "எடுத்துட்டியா? சத்தமே காணும், சும்மா நிக்க வெச்சிகினு கீறான்" என்றார் ஒரு பெரியவர். இன்னொன்று எடுக்கப்போனபோது, அரைகுறையாகச் சார்ஜ் ஏறியிருந்த பேட்டரி தீர்ந்துவிட்டது. மறு ஆடிக்கு அங்கே ஊர் இல்லை. அக்காவும் இல்லை. இடையில் வந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார்.

புள்ளி இரண்டாம் வரிசையில் ஒரு முகத்தின்மேல் விழுந்திருக்கிறது. தூரத்திலிருந்து எடுத்ததால் முகங்கள் எல்லாம் சிறியவை, அந்த ஒரு முகம் முழுதாக மறைந்துவிட்டது. சகலை கேமராவைச் சென்னைக்கு எடுத்துப்போனபோது நானும் கூடப் போனேன். பழுது பார்க்கும் இடத்தில் இருந்தவர், "உள்ளே மொத்தமா மாத்தணும் சார், அதுக்குப் புதுசே வாங்கிடலாம். தூசி இருக்கிற இடத்துக்கெல்லாம் இதை எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றார். சகலை அமைதியாகக் கேட்டார்: "அப்ப நாங்க எங்க போயி படம் எடுக்கறதுங்க?" இன்றும் அந்த வகைக் கேமராவைப் புகழ்ந்து எழுதுகிறவர்களைப் படிக்கிறேன். அழகு, கிளிக் சத்தம், பழங்கால உணர்வு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தூசியைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி. வாழ்நாள் முழுக்கத் தூசியில் நிற்கிறவர்களை வாங்குகிறவர்களாக ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை. உள்ளே புகுந்த தூசிக்கு ஏர் ஓஸ் பாதிக் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு யார் பொறுப்பு?

சென்ற ஆண்டு சகலை காலமானார். கேமரா என்னிடம் வந்தது. துக்கம் விசாரிக்க வந்தபோது அந்த அக்காவின் மகள் என்னிடம் ஒன்று கேட்டாள். முத்தாண்டிக்குப்பத்தில் அப்பாவோடு வளர்ந்த பெண், இப்போது நர்சிங் படிக்கிறாள். "வோட்டர் ஐடியில இருக்கறது எங்கம்மா மாதிரியே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க மாமா. அம்மா சிரிச்ச போட்டோ ஒன்னு கூட எங்க வூட்டுல இல்ல." இந்தப் படத்தைத்தான் தேடி எடுத்தேன். தெரிகிற முகங்களில் அக்கா இல்லை; புள்ளிக்குக் கீழே இருப்பவர் அவர்தான் என்பது வீட்டில் பேச்சு.

அதற்குள் சகலையின் மகன் முந்திக்கொண்டான். பெங்களூரில் வேலை. வோட்டர் ஐடி முகத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, புள்ளி இருந்த இடத்தில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்ணை வரவழைத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். ஆளாளுக்கு இதயம் போட்டார்கள். போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "பெரியப்பா, யாருக்கு என்ன நஷ்டம்? அவ சந்தோஷப்படட்டுமே" என்றான். "அவ அம்மாவைக் கேட்டா. நீ யாரையோ குடுத்திருக்க" என்றேன். "உங்களுக்கு எல்லாத்துக்கும் ப்ரூஃப் வேணும்" என்று சிரித்தான். ஆமாம், வேண்டும். வாயே இல்லாத இடத்தில் ஒரு சிரிப்பை ஒட்டி, தாயின் முகம் தெரியாத பெண்ணிடம் இதுதான் உன் தாய் என்று நீட்டுவதற்கு ஆதாரம் கேட்காமல் வேறு எதற்குக் கேட்பது?

ஏனென்றால் அந்தப் புள்ளிக்குக் கீழே இருப்பது அக்காதான் என்பதே முடிவாகவில்லை. என் கொழுந்தியாள் அவர்தான் என்கிறாள். பங்காளி வீட்டு அத்தை ஒருவர், கத்திச் சிரிக்க வைத்துவிட்டு அக்கா பானைப் பக்கம் போய்விட்டார் என்கிறார். பெண்ணின் அப்பா அன்று ஷிஃப்டில் இருந்தார். படத்தைக் காட்டினால், "நீலப் புடவையா, ஒன்னு இருந்துது" என்கிறார்.

போன வாரம் அவள் வந்தாள். புள்ளியோடு இருக்கும் படத்தையே கணினியில் திறந்து பெரிதாக்கிக் காட்டினேன். அப்போது அந்த லென்ஸை மெச்சத்தான் வேண்டியிருந்தது. முகம் இல்லை. ஆனால் நீலப் புடவையின் மடிப்பு, ஈரக் கை, புறங்கையில் காய்ந்த கேழ்வரகு மாவு வரைக்கும் தெரிந்தது. அந்தக் கை முன்னால் நிற்கும் ஒரு சின்னக் குழந்தையின் தோளைப் பிடித்திருக்கிறது. குழந்தை திரும்பி மேலே பார்ப்பதால் இரட்டைச் சடை மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. அவள் அந்தச் சடையின்மேல் விரலை வைத்தாள். "இது நானா மாமா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "பரவால்ல. அவன் அனுப்பினது வேணாம், இத பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். படத்தின் பின்பக்கம் இப்படி எழுதியிருக்கிறேன்: ஆடி மாதம், ஞாயிறு, காலை. கோப்பில் உள்ள ஜனவரி 1 தவறு. இரண்டாம் வரிசையில் நீலப் புடவையில் நிற்பவர் யார், அவர் பிடித்திருக்கும் குழந்தை யார் என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.