நம்பரை மட்டும் எழுதிய பட்டியல்

யுத்தம் முடிந்த இந்த வருஷம்தான், எண்பத்து மூன்றாம் வருஷக் கலவரத்தில் எரிந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் விவரத்தைக் கணினியில் வரைபடமாக்க அட்டன் தொழிற்சங்கத்தார் நினைத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு புரோகிராமர் தம்பி இன்று வந்தார்.

சங்கத்தார் கொடுத்த பட்டியலில் செத்தவர்கள் குடியிருந்த காம்பரா நம்பர்கள் மட்டுமே இருந்தன.

"வெறும் நம்பர வச்சு என்னங்க செய்றது?" என்று மடிக்கணினியை மூடினார்.

எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் டைப் அடிக்கிறாள். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கங்காணி பேர் கூப்பிடுவது போலக் கூப்பிட்டேன்.

"மூணாம் காம்பரா மாரியாயி, வாசல்லயே வெட்டுனாங்க. நாலாம் காம்பரா செல்லையா குடும்பம், வெளிய கொண்டி போட்டுக் கொளுத்துனாங்க."

மடிக்கணினி திறந்தது. செத்த பதினோரு பேரையும் ஏற்றினார். அடுத்த வாரம் நண்பர்களையும் கூட்டிவருகிறாராம்.

"இதுல சம்பந்தப்பட்டவங்க யாராச்சும் இன்னும் உயிரோட இருக்காங்களாங்க?"

"கொண்டி போட்டவரு மட்டும் இருக்காருங்க. காலையில நீங்க டீ குடிச்சீங்களே, அந்தக் கடை பண்டா முதலாளி."