யெர்கோவுக்கு வேண்டிய இருட்டு

யெர்கோ முதலில் எல்லோருடைய செருப்பையும் வாங்கிக்கொள்வார். கொட்டகை வாசலில் கிடக்கும் நீளப் பலகையின் மேல், ஆளுக்கு ஒரு ஜோடியாக, முனைகள் கடலைப் பார்க்கும்படி அடுக்குவார். விலை உயர்ந்த தோல் செருப்போடு வந்தவர்கள் யாராவது தயங்கினால், "பயப்படாதீங்க சார், உங்க செருப்பு என் காலுக்கு நுழையாது" என்று தன் அகலப் பாதத்தைத் தூக்கிக் காட்டுவார். படகுகள் திரும்பி வந்தபின் பலகை காலியாக வேண்டும். ஒரு ஜோடி மிஞ்சினால் கடலில் ஓர் ஆள் மிஞ்சியிருக்கிறார் என்று கணக்கு. ஒரே ஒரு முறைதான் அப்படி மிஞ்சியது. யெர்கோ பதறிப்போய்த் தேடினார். அந்த ஆள் வெறுங்காலோடு பெரினாவின் சமையலறையில் உட்கார்ந்து மீன் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். பெரினா யெர்கோவின் மனைவி. பசித்த முகத்தைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் தட்டு வைத்துவிடுவார்.

ஆகஸ்ட் மாதப் புழுக்கத்திலும் யெர்கோவின் தலையில் கம்பளிக் குல்லாய் இருக்கும். கேட்டால், "மண்டைக்குள்ள ஈரக்காத்து பூந்துட்டா அப்புறம் டாக்டர் எடுத்துக் குடுப்பாரா?" என்பார். சாளை மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை மூடப்பட்ட பிறகு அவர் இந்தத் தொழிலுக்கு வந்தார். தீவின் ஓரத்தில், அத்திக்குடாவின் சின்னக் கூழாங்கல் கரையில் ஒரு கொட்டகை, அதற்குள் வெயிலில் வெளுத்த கயாக் படகுகள். சாயங்காலம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கழுதைமுனையைச் சுற்றிப் போய், செங்குத்துப் பாறைகளின் ஓரமாகவே துடுப்புப் போட்டு, இருட்டியதும் குடாவுக்குத் திரும்பி நட்சத்திரம் காட்டுவது அவர் வேலை.

ஊரில் பாதிப் பேர் கப்பலில் உலகம் சுற்றியவர்கள். அவர்கள் கண்ணுக்கு இது ஒரு படகாகவே படாது. காப்பிக் கடையைத் தாண்டிப் போகும்போது, "வாங்க வாங்க, குளியல்தொட்டி கேப்டன்!" என்று குரல் வரும். யெர்கோ நிற்காமலே பதில் சொல்வார்: "தொட்டியா இருந்தாலும் அதுல நான் கேப்டன்டா. நீ உன் வீட்டுல தரை தொடைக்கறவன்தானே?" கடை முழுக்கச் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். குல்லாயை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார்.

தண்ணீரில் இறங்கிவிட்டால் ஆளே வேறு. விருந்தாளிகளின் பெயரை அவர் கேட்பதில்லை, துடுப்புப் பிடிக்கும் லட்சணத்தைப் பார்த்து அவரே வைத்துவிடுவார். "ஏ சூப்பு கிண்டற அம்மா, கொஞ்சம் மெதுவா! ஏ இடது கை, பாறை உன் மாமனார் வீடு இல்ல, அங்கேயே ஏன் போற?" திட்டு வாங்கியவர்கள் எப்படியோ சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். குகை வாசலில் மட்டும் ஒருவரும் பேசக் கூடாது. அலை உள்ளே போய் மூச்சு விட்டு வெளியே வரும் சத்தத்தை அவர் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பவர்போல வாயைத் திறந்துகொண்டு கேட்பார்.

குடாவுக்குத் திரும்பியதும், "பக்கத்துப் படகோட விளிம்பப் புடிச்சுக்குங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னா மறுபக்கத்துப் படகப் புடிங்க, விட்டுறாதீங்க" என்பார். படகுகள் எல்லாம் ஒட்டி ஒரு தெப்பமாகிவிடும். நெற்றி விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் மல்லாந்து படுத்துக்கொள்வார்கள். பெரிய வண்டி, சின்ன வண்டி என்று நட்சத்திரக் கூட்டங்களுக்கு ஊரார் வைத்த பெயர்களோடு தொடங்குவார். பிறகு சொந்தச் சரக்கு. தெற்கே தாழ்வாகச் சிவந்து கிடப்பது ரொட்டிக்கடைக்காரர் மூக்கு. கோடை முழுக்க உச்சந்தலைக்கு மேலேயே நின்று பளபளப்பது பெரினா. "எங்க போனாலும் மேலேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருப்பா" என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது அதில் கேலி பாதி, பெருமை பாதி.

இந்த ஆனந்தத்துக்கெல்லாம் நடுவில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

குடாவின் தலைமாட்டில், பாறை மேல் ஒரே ஒரு வீடு. அதில் ஃபூமியா தனியாக இருக்கிறார். அந்த ஊரில் ஆண்பிள்ளை கப்பலில் இருக்கிற வீட்டில் வாசல் விளக்கை அணைக்க மாட்டார்கள், அவன் இறங்கி வீடு வந்து சேரும்வரை அது எரிய வேண்டும். ஃபூமியாவின் கணவர் உயிரோடிருந்தபோது அவருக்காக எரிந்தது. இப்போது எண்ணெய்க் கப்பலில் அதிகாரியாக இருக்கும் மகன் லுக்‌ஷாவுக்காக எரிகிறது. அவன் கப்பல் வடக்கே துறைமுகத்துக்குப் போகும்போது எப்போதாவது ராத்திரி இந்தத் தீவை ஒட்டிப் போகும். மறுநாள் போன் வரும். "அம்மா, உன் விளக்கப் பாத்தேன்." அன்றைக்கு ரொட்டிக்கடை வரிசையில் ஃபூமியாவின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்கும்.

போன குளிர்காலத்தில் அவர் பழைய பல்பைக் கழற்றிவிட்டு, மீன் மார்க்கெட்டில் தொங்குவதுபோல ஒரு பெரிய பல்பாக வாங்கி மாட்டினார். அந்தக் கோடையில் விருந்தாளிகள் மல்லாந்து படுத்தால் பாதி வானம் வெளுத்துக் கிடந்தது. பால்வீதி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ரொட்டிக்கடைக்காரர் மூக்கையும் காணோம்.

"ஓட்டல்காரி போன் பண்ணினா" என்றார் பெரினா ஒரு நாள், கீரையை ஆய்ந்துகொண்டே. மலைக்கு அந்தப் பக்கத்து ஓட்டல்தான் இவர்களுக்கு ஆள் அனுப்புவது. "நட்சத்திரம் காட்டறேன்னு கூட்டிட்டுப் போய் யாரோ வீட்டு பல்பக் காட்டினாங்கன்னு ஒருத்தர் எழுதிப் போட்டிருக்காராம். இன்னொருவாட்டி இப்படி வந்தா வேற ஆள்கிட்ட அனுப்பிடுவேன்னா. அப்புறம் கொட்டகையப் பூட்டிட்டு உன் தம்பி டயர் கடையில போய் உக்காந்துக்க. ஒரு வார்த்த போய்க் கேளேன்யா. ஒரு மணி நேரம் அணைச்சு வெச்சா என்ன, குடியா முழுகிப் போகும்?"

யெர்கோ போனார். ஒரு ஜாடி அத்திப்பழ ஜாமோடு திரும்பி வந்தார். அடுத்த நாளும் போனார். ஃபூமியாவின் சமையல் வாயு உருளையை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாவது முறை போனபோது தெற்கிலிருந்து யூகோ காற்று வீசியது. யூகோ அடிக்கும்போது ஊரில் யாரும் முக்கியமான பேச்சை எடுப்பதில்லை, எடுத்தால் சண்டையில்தான் முடியும். அதையே சாக்காக வைத்துப் பாதி வழியில் திரும்பிவிட்டார்.

"உனக்கு நாக்கு இருக்கா இல்லையா?" என்றார் பெரினா.

நாக்கு இருந்தது, அதுதான் தொல்லை. யெர்கோவுக்குப் பொய் சொல்ல வராது. சீட்டாட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்தே எதிராளி துருப்பைத் தெரிந்துகொள்வான். விளக்கை அணைக்கச் சொன்னால் ஃபூமியா கேட்கப்போகும் முதல் கேள்வி அவருக்குத் தெரியும்: "அப்போ லுக்‌ஷா எப்படிப் பாப்பான்?" லுக்‌ஷா பார்க்கவே முடியாது. கழுதைமுனையைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போன அந்த நிமிஷமே வீடும் விளக்கும் பாறைக்குப் பின்னால் போய்விடும். தினமும் போய் வருகிற யெர்கோவுக்கு அது தெரியும். ஃபூமியாவின் ஜன்னலிலிருந்து குடாவும் முனையும்தான் தெரியும், வெளிச்சம் முனைக்கு மேலாகத் தாண்டிப்போய்க் கடலில் விழுகிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையின் மேல் கை வைக்க யெர்கோவுக்கு மனம் வரவில்லை. டயர் கடையே மேல் என்று தோன்றியது.

சின்ன ஊரில் எந்தப் பேச்சும் ஒரே வீட்டில் தங்காது. ஒரு சாயங்காலம், விருந்தாளி இல்லாத நாளில், ஃபூமியாவே கொட்டகைக்கு இறங்கி வந்தார். கையில் விசிறி.

"ஏன்டா யெர்கோ, என் விளக்கு உன் நட்சத்திரத்த மறைக்குதாமே? ஊரே சொல்லுது, நீ மட்டும் என் வீட்டு ஜாமத் தின்னுட்டு வாயத் தொடச்சுக்கிட்டுப் போற."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல அக்கா..."

"இருட்டட்டும். என்னையும் உன் தொட்டியில ஏத்து. எம்மாந்தூரம் மறைக்குதுன்னு நானே பாக்கறேன்."

"காத்து வரும்போல இருக்கு அக்கா."

ஃபூமியா விசிறியை மடக்கினார். "இலை ஒண்ணு ஆடுதா பாரு. படக இறக்கு."

இரண்டு பேர் உட்காரும் கயாக்கில் முன் இருக்கையில் அவரை ஏற்றி, மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு யெர்கோ பின்னால் உட்கார்ந்தார். குடாவின் நடுவில் ஃபூமியா திரும்பிப் பார்த்தார். பல்பு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. "ஆமா, கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று ஒப்புக்கொண்டார். யெர்கோ நிம்மதியோடு படகைக் கரைக்குத் திருப்பினார்.

"எங்க திருப்பற? முனைக்கு வெளிய போ. என் புள்ள பாக்கற எடத்துலேர்ந்து நான் பாக்கணும்."

யெர்கோ வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகத் துடுப்புப் போட்டதில்லை. அப்படியும் முனை வந்தது. பாறை நகர்ந்து வந்து முதலில் விளக்கின் ஓரத்தைத் தின்றது, பிறகு முழுவதையும். "இன்னும் கொஞ்சம் வெளிய" என்றார் ஃபூமியா. போனார். "இன்னும்." அதற்கும் போனார். தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் தன் விளக்குகளோடு ஊர்ந்துகொண்டிருந்தது. இவர்களுக்குப் பின்னால் தீவு முழுக்கக் கருப்பாக இருந்தது.

"போதும்டா" என்றார் ஃபூமியா. முன்பக்கம் திரும்பிக்கொண்டு, "உனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும் அக்கா."

"எப்பலேர்ந்து?"

"மொதல் நாள்லேர்ந்து."

முன்னால் அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று யெர்கோ பதறித் துடுப்பை நழுவவிடப் பார்த்தார். அழுகை இல்லை, சிரிப்பு.

"அப்பனும் பாத்தேன்னான், மகனும் பாத்தேங்கறான். பேசி வெச்சுக்காமயே ரெண்டு பேரும் ஒரே பொய்யச் சொல்லியிருக்கானுங்க பாரு! போன வருஷம் இவன், 'அம்மா, விளக்கு கொஞ்சம் மங்கலா இருக்கு'ன்னான்டா. அதக் கேட்டுத்தான் நான் பெரிய பல்பு வாங்கி மாட்டினேன்!"

யெர்கோவும் சிரித்துவிட்டார். படகு ஆடியது. பிறகு ஃபூமியாவின் சிரிப்பு நின்றது. நின்ற இடத்தில் அழுகை இருந்தது.

"இத்தன வருஷமா யாருக்குடா எரிஞ்சுது அது?"

"எனக்கு" என்றார் யெர்கோ. யோசித்துச் சொன்னதல்ல. "முனை திரும்பினதும் அந்த வெளிச்சத்துலதான் தலைய எண்ணுவேன் அக்கா. பின்னாடி ஒருத்தன் தங்கிட்டாலும் காட்டிக் குடுத்துடும். அது தெரிஞ்சாத்தான் எனக்கு வயித்துல பால் வாத்தாப்புல இருக்கும். பெரினா கத்தறான்னு அத எப்படி அணைக்கச் சொல்வேன்? இன்னொண்ணும் இருக்கு. வெளிக்கடல்லேர்ந்து அது தெரியாதுங்கறத உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

ஃபூமியா மூக்கை உறிஞ்சினார். "திருப்பு படக" என்றார்.

மறுநாளிலிருந்து புது ஏற்பாடு. படகுகள் முனை திரும்பி வரும்போது விளக்கு எரியும், யெர்கோ எண்ணி முடிப்பார். எல்லோரும் மல்லாந்ததும் அது தானாக அணைவதுபோல அணையும். வானம் அப்படியே கீழே இறங்கி வந்ததுபோல விருந்தாளிகள் "ஆ" என்பார்கள். கரை ஏறும் நேரத்துக்கு மறுபடி எரியும். ஓட்டல்காரி இப்போது முந்தையதைவிட அதிகமாக ஆள் அனுப்புகிறாள். இதெல்லாம் தன் நாக்கால் நடந்தது என்று பெரினா காப்பிக் கடையில் சொல்லிக்கொள்கிறார். லுக்‌ஷா ஒரு நாள் போன் செய்து விளக்கைப் பார்த்ததாகச் சொன்னான். "இப்ப நல்லா பளிச்சுன்னு தெரியுதாடா கண்ணு?" என்று கேட்டார் ஃபூமியா. நன்றாகத் தெரிகிறது என்றான். "அது போதும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பரில் ஃபூமியாவுக்கு முழங்கால் ஆபரேஷன். கப்பலேறி அக்கரையில் ஸ்பிளித் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி குடா முழுக்க இருட்டு. யெர்கோ முனையில் நெற்றி விளக்கை ஏற்றி ஒவ்வொரு முகமாக அடித்து எண்ணினார், விருந்தாளிகள் கண் கூசித் திட்டினார்கள். ஆனால் வானத்துக்குக் குறையே இல்லை. ஃபூமியா வீட்டு ஜன்னல் வெளிச்சம்கூட இல்லாத அப்படி ஓர் இருட்டு அந்தக் கோடையில் கிடைத்ததில்லை. பால்வீதி ஒரு கரையிலிருந்து மறு கரைவரை கிடந்தது. ஒரு பெண்மணி வாய்விட்டு அழுதே விட்டார்.

"இன்னும் ஒரு வாரத்துக்கு நம்ம ராஜ்யம்தான்" என்றார் பெரினா, விருந்தாளிகள் போன பிறகு. "வா, சோறு ஆறுது."

யெர்கோ படகுகளைக் கவிழ்த்து வைத்தார். துடுப்புகளைச் சாத்தினார். குல்லாயைக் கழற்றிப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு வீட்டுப் பக்கம் போகாமல் பாறைப் படிகளில் ஏறத் தொடங்கினார்.

"யாருமில்லாத வீட்டுல உனக்கு என்னய்யா வேல?" என்று கீழிருந்து பெரினா கத்தினார். "அவதான் ஊர்ல இல்லையே! முனைக்கு அந்தப் பக்கம் ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு நீதானே சொன்ன!"

யெர்கோ ஏறிக்கொண்டே இருந்தார். மேலே பூட்டிய வாசலில் நின்று மூச்சு வாங்கினார். லுக்‌ஷா அப்போது எந்தக் கடலில் இருந்தானோ அவருக்குத் தெரியாது, இன்னும் இறங்கவில்லை என்பது மட்டும் தெரியும். ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழே கையை விட்டுத் தடவி சுவிட்சைக் கண்டுபிடித்தார். ஈரக் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, விளக்கைப் போட்டார்.