எழுத்து ஏற்றப் போன இடங்களில்

கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து தெரியாமல் போனால்தான் எங்கள் ஞாபகம் வரும். தெரிய ஆரம்பித்ததும் மறந்துவிடுவார்கள், எங்கள் தொழில் அப்படி. திருச்செங்கோட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கி, சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் பஸ்ஸில் போய் ஃபான்ட் என்கிற எழுத்துருக்களை ஏற்றிக் கொடுக்கிறேன். வேண்டாததை நீக்கியும் கொடுக்கிறேன். பிரின்டர், இன்வெர்ட்டர், கேமரா என்று ரிப்பேர் வேலைக்கு அலைகிறவர்களே, "பாத்துட்டிருங்க, இதா வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்து போன பிறகு நாம் உட்கார்ந்திருப்போமே, அது உங்களுக்கும் பழகியிருக்கும்.

கட்டம் கட்டமாக

ஜலகண்டாபுரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் புதிது வாங்கியிருந்தார்கள். நான் போய் உட்கார்வதற்குள் ஒருவர் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வந்துவிட்டார். தறி ஓட்டிப் பிழைத்த அவர் தம்பி விடியற்காலையில் நெஞ்சுவலியில் போய்விட்டாராம். மத்தியானம் எடுக்கிறார்கள். திரையில் தம்பியின் போட்டோ சிரித்தது. அதற்குக் கீழே பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்.

அண்ணன்காரர் அழவில்லை. பந்தலுக்கும் மாலைக்கும் போனில் சொல்லிக்கொண்டே நின்றார். நான் ஃபான்ட்களை ஏற்றி, டிசைனை மூடித் திறந்தேன். கட்டங்கள் போய் 'செல்வராசு' என்று பெரிதாக வந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரப் பாத்தப்பறந்தானுங்க, அவன் இல்லீன்னே தெரியுது."

ஷட்டருக்கு உள்ளே

இது திருச்செங்கோட்டிலேயே, ஒரு போர்வெல் வண்டி ஆபீஸில். கண்ட ஃபான்ட்டையும் ஏற்றி வைத்ததில் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்றது. ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஷட்டர் இறங்கியது. கத்தினேன். வெளியே போர் போடுகிற ரிக் லாரியை ஸ்டார்ட் போட்டிருந்தார்கள், யாருக்கும் கேட்கவில்லை. போன் போடலாம் என்றால், என்னை வரச் சொன்ன முதலாளியின் போன் அணைந்து கிடந்தது. சரி என்று வேலையை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கிய மேனேஜர் பதறிப்போனார்.

"அடக் கெரகத்த! நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சனுங்க, உங்க வேலைல சத்தமே வர்றதில்லீங்களே!"

ஒரே ஒரு ஃபான்ட்

ராசிபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம். உரிமையாளர் ஆறுமுகம், அறுபது வயதிருக்கும். ஒரே ஒரு ஃபான்ட்டை மட்டும் எடுக்கச் சொன்னார். வளைவு வளைவாக, அழகான எழுத்து. "நல்லாத்தானுங்களே இருக்குது, பத்திரிகைக்கு எடுப்பா இருக்குமே" என்றேன். "எம் பொண்ணு பத்திரிகைக்கு வாங்குனதுங்க. அந்த மாப்பிள்ளைய அவ வேண்டாம்னா. நாந்தான் புடிச்ச புடியா நின்னு கட்டிவெச்சேன். வருசம் திரும்பறதுக்குள்ள அத்துக்கிட்டு பெங்களூரு போயிட்டா. எங்கூடப் பேசறதில்லீங்க" என்றார்.

நீக்கப் போனால், அது உபயோகத்தில் இருக்கிறது, நீக்க முடியாது என்று கம்ப்யூட்டர் சொன்னது. எங்கேயோ ஏதோ ஃபைல் திறந்திருக்க வேண்டும். தேடினேன். மற்ற ஃபைல்களுக்கு அடியில், திறந்தபடியே கிடந்தது மகளின் பத்திரிகை. அவர் முகத்தைப் பார்க்காமல், மவுஸை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தொடவில்லை.

"நீங்களே மூடிருங்க சாமி, நான் மூடுனா மறுக்காத் தொறந்துக்குவேன்."

கெங்கவல்லி போன்

கெங்கவல்லியிலிருந்து நடராஜன் என்பவர் அடிக்கடி கூப்பிடுவார். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். மரவள்ளிக் காடு இருக்கிறது. ஊர்க் கோயில் நோட்டீஸ்களை அவர்தான் டைப் செய்வார். ஒவ்வொரு முறையும் அதே ஃபான்ட் காணாமல் போயிருக்கும். ஏற்றுவேன். சோறு போட்டுத்தான் அனுப்புவார். வைரஸோ என்று கம்ப்யூட்டரையே புரட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

கடைசியாகப் போனபோது, "இனிமே நீங்க இவ்ளோ தூரம் அலைய வேண்டாங்கய்யா, ஏத்துறது எப்படின்னு சொல்லித் தந்துடறேன்" என்றேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே தலையாட்டினார். பிறகு என் இலையைப் பார்த்தபடி சொன்னார்.

"எடுக்க நானே கத்துக்கிட்டேன் தம்பி, போடவும் கத்துக்கிட்டா நீ எதுக்கு வரப்போற?"

எனக்கும் அதற்குப் பிறகு கற்றுக்கொடுக்கத் தோன்றவில்லை.

தமிழில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் என் பென் டிரைவில் கிடக்கிறது, 'சாப்பிட்டாயா' என்று ஒரு வரி எழுதி அனுப்பத்தான் ஆளில்லை.