அண்ணிக்காக நான் சொன்ன ‘இல்லை’

அந்த மாத்திரை அட்டையில் இருபத்தொரு வெள்ளை மாத்திரைகளும் ஏழு மண்ணிற மாத்திரைகளும் இருக்கும். மாதவிலக்கைத் தள்ளிப்போட நினைக்கும் பெண்கள் மண்ணிறத்தைத் தொடாமல், வெள்ளை தீர்ந்ததும் அடுத்த அட்டையின் வெள்ளைக்குப் போய்விடுவார்கள். கருத்தடைக்கென்று செய்த மாத்திரையை மாத்தளையில் எங்கள் சந்துப் பெண்கள் திருவிழாவுக்கென்று விழுங்கினார்கள். மாசியில் அம்மனுக்குக் கொடியேறும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்து அறிபவர்கள் உண்டு. நானோ, அண்ணி என் சட்டைப்பையில் திணிக்கும் துண்டுச்சீட்டைப் பார்த்து அறிந்துகொள்வேன்.

அண்ணனும் நானும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தோம். அண்ணியும் என் மனைவியும் ஒரே அடுப்படியைப் பகிர்ந்துகொண்டார்கள். அண்ணனுக்குக் கடைவீதியில் பலசரக்குக் கடை. அவரைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. அப்படிப்பட்ட மனிதர் பார்மசியில் நின்று இந்த மாத்திரையைக் கேட்க முடியுமா? நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞன்; ஓய்வு நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். என்னைத் தெரிந்தவர்களும் என்னைப் பொருட்படுத்துவதில்லை. எனவே இந்தப் பணிக்கு நானே தகுதியானவன் என்று அடுப்படி முடிவு செய்திருந்தது. “தம்பி படிச்ச ஆளு, பேர சரியா வாசிச்சி கேப்பாரு” என்பாள் அண்ணி. முப்பத்தொன்பது வயதில் கிடைத்த அந்தப் பாராட்டை நான் மறுக்கவில்லை.

அவளுக்கு அது வெறும் திருவிழா இல்லை, நேர்த்திக்கடன். இரண்டாவது பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்தான். அண்ணியைப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். “கொஞ்சம் சுகமில்ல” என்பதற்கு மேல் ஆண்களுக்கு எந்த விவரமும் தரப்படவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிள்ளை பிழைத்தால் ஏழு வருடம் பால்குடம் எடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். விலக்கான நாளில் குடத்தைத் தொடக்கூடாது என்பதால் ஒவ்வொரு மாசியிலும் மாத்திரை வந்தது. ஐந்து வருடம் எந்தச் சிக்கலும் இல்லாமல் போயிற்று.

அண்ணிக்கு ஒரு தலைவலி உண்டு. அது வருவதற்கு முன்னால் கண்ணோரத்தில் வளைந்து வளைந்து ஒரு வெளிச்சம் ஓடுமாம். “ஜரிகை ஓடுது தம்பி” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். “பட்டுச்சேல கேக்குறதுக்கு ஒங்க அண்ணி கண்டுபிடிச்ச வழிய பாத்தியா?” என்பார் அண்ணன். நாங்கள் சிரிப்போம். அறைக்குள்ளிருந்து அவளும், “அப்பயும் வாங்கிக் குடுக்கலியே” என்பாள்.

ஆறாவது வருடம் வழக்கமான பார்மசி பூட்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருந்த கடைக்குப் போனேன். முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை நானா என்றார்கள். சீட்டைப் பார்த்ததும் அவர் மாத்திரையை எடுக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஆருக்கு மாத்தயா?” என்று சிங்கள மரியாதையோடு கேட்டார்.

“வீட்டுக்கு” என்றேன்.

“வூட்டாளுக்கு ப்ரஷர் கிஷர் ஈக்குதா? புள்ளத்தாச்சியா இருந்த நேரம் கூடினதா?”

என் பின்னால் கச்சேரியின் தலைமை எழுதுவினைஞர் இருமல் மருந்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவருடைய காதுகள் ஓய்வெடுத்ததாகச் சரித்திரம் இல்லை. “இல்ல நானா” என்றேன்.

“கண்ணு மின்னி தலவலி வாறதா?”

“இல்ல.”

“வயசு? முப்பத்தஞ்சு தாண்டிட்டா?”

அண்ணிக்கு அப்போது நாற்பது. ஒரு பெண்ணின் வயதைப் பொது இடத்தில் ஏலம் விடுவது நாகரிகமல்ல என்று எனக்குள் இருந்த கனவான் நினைத்தான். “இல்ல, முப்பத்திநாலு” என்றேன். நானா அரைமனதோடு மாத்திரையை எடுத்தார். “டொக்டர்ட்ட ஒருக்கா காட்டிட்டுக் குடுத்தா நல்லம்” என்று சொல்லி, பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். நான் திருடியவனைப் போல வெளியே வந்தேன். வழியில் ஜரிகை நினைவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே போகவிட்டேன். உலக இலக்கியத்தில் நோயில் விழுந்த நாயகிகளைப் பற்றி ஒரு மணிநேரம் பேசக்கூடியவன் நான். எங்கள் வீட்டுப் பெண்ணுடைய தலைவலியைப் பற்றி ஒரு நிமிடம் பேச எனக்கு வெட்கமாக இருந்தது.

பால்குட நாளன்று காலையில் சந்து முழுவதும் மஞ்சள் சேலைகள். குடங்களைத் தூக்குவதற்காகப் பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். மேளம் தொடங்கியது. அண்ணி குடத்தைத் தலையில் வைத்தாள். வைத்த கை அப்படியே நழுவிக் கீழே தொங்கியது. குடம் விழுந்து பால் வாசலெல்லாம் ஓடியது. அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடினாள். வாயிலிருந்து குழறலாக ஏதோ வந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

“ஆத்தா வந்துட்டா” என்றாள் ஒரு பெண். குலவை எழுந்தது. மேளக்காரர்கள் அடியைக் கூட்டினார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். வேறு யாரோ நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். அண்ணன் கண்கலங்கிக் கைகூப்பி நின்றார். எதிர்வீட்டுக்காரர் முன்னால் வந்து குனிந்து, “தாயே, மகனுக்கு கத்தார் விசா எப்ப சரிவரும், சொல்லு” என்று கேட்டார். பதில் தெளிவாக வராததால் மறுபடியும் கேட்டார். அவர் கேட்டது ஒரு பெண்ணின் மூளைக்குள் ரத்தம் நின்றுபோன நேரத்தில் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மூடநம்பிக்கையைக் கேலிசெய்து மூன்று கட்டுரை எழுதியவன் நான். நானும் கைகூப்பித்தான் நின்றேன். அவள் கண்கள் என்னைத் தேடி வந்து நின்றன. சாமியின் பார்வை என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அது பயத்தின் பார்வை. உதவி கேட்கும் பார்வை. அதற்குப் பிறகு பல பகல்களில், எழுத்து மேசையில் இருக்கும்போதே, அந்தக் கண்கள் வந்து என்முன்னே நிற்கும்.

முக்கால் மணிநேரம் அப்படியே போயிற்று. கர்ப்பிணிகளைப் பார்க்க வீடுவீடாக வரும் மிட்வைஃப் மிசி அன்று விடுமுறையில், அவரும் மஞ்சள் சேலையில், அர்ச்சனைத் தட்டோடு அந்த வழியாக வந்தார். கூட்டத்தை விலக்கி அண்ணியின் முகத்தைப் பார்த்தவர் தட்டை என் கையில் திணித்தார்.

“ரெண்டு கையையும் தூக்குங்க பாப்போம்.”

இடதுகை எழுந்தது. வலதுகை அசையவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

“மேளத்த நிப்பாட்டுங்க” என்றார் மிசி. “சாமி வந்தா ஒடம்பு முழுக்கத்தான வரணும், பாதி ஒடம்புக்கு மட்டுமா வரும்? த்ரீவீல் ஒண்ணு புடிங்க. சீக்கிரம்.”

“ஆத்தா கோவிச்சுக்குவா மிசி” என்று ஒரு குரல் வந்தது.

“கோவிச்சா எங்கிட்ட கோவிக்கட்டும். நான் வந்து பேசிக்கிறேன்.”

த்ரீவீலில் அண்ணியின் ஈரத்தலை என் தோளில் கிடந்தது. அவள் மூச்சு விடுகிறாளா என்று ஒவ்வொரு வளைவிலும் குனிந்து பார்த்தேன். மாத்தளையிலிருந்து அவளை அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே இளம் டாக்டர் ஒருவர், “முந்தி ப்ரஷர் இருந்திச்சா?” என்று கேட்டார். அண்ணன் உடனே, “இல்ல டாக்டர்” என்றார். குடும்பமே அந்தச் சொல்லில்தான் தேர்ச்சி பெற்றிருந்தது. எங்களோடு கண்டிவரை வந்து பின்னால் நின்ற மிசி, “இருந்திச்சி டாக்டர்” என்றார். “ரெண்டாவது புள்ளைக்கு நல்லா கூடி, வலிப்பு வாற அளவுக்குப் போச்சி. கார்டுல நான்தான் எழுதினேன். பெத்ததுக்குப் பொறகும் வருஷாவருஷம் பாக்கணும்னு படிச்சிப் படிச்சி சொன்னேன். புள்ள பொழச்சிட்டான், இனி எனக்கென்னான்னு இருந்துட்டாங்க.”

வேறு ஏதாவது மாத்திரை எடுத்தாரா என்று டாக்டர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தபடி சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். எத்தனையோ பெண்கள் அந்த மாத்திரையைப் பத்திரமாக எடுக்கிறார்கள், ஆனால் ப்ரஷர் உள்ளவர்களுக்கும் கண் மின்னித் தலைவலி வருகிறவர்களுக்கும் அது ஆகாது, ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும் குழாயை அடைக்கலாம் என்றார். கர்ப்பத்தில் கூடிய ப்ரஷர் பிரசவத்தோடு இறங்கினாலும், பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், அதனால்தான் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறோம் என்றார். “கொஞ்சம் முந்தி கொண்டு வந்திருந்தா...” என்று தொடங்கி, அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான்காம் நாள் கண் திறந்தாள். வலதுகை திரும்பி வரவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாக, கடனே என்று வந்தன. சில வரவே இல்லை. சிகிச்சைச் செலவை அண்ணன் பார்த்துக்கொண்டார். மாதாமாதம் கிளினிக்குக்கு அழைத்துப்போகும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் அதைப் பாசம் என்றார்கள். எனக்குத்தான் அதன் சரியான பெயர் தெரியும். அவள் தும்மினால் எழுந்து நிற்பேன். தேநீர்க் கோப்பை கை தவறினால் அவள் வாயின் ஓரத்தைப் பார்ப்பேன். அந்த மூன்று ‘இல்லை’களை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பதினொரு வருடம் கழித்து, போன மாசியில்தான் சொன்னேன். தேர் போய்க்கொண்டிருந்தது. அண்ணியை ஜன்னலருகே நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றிருந்தேன். பார்மசி நானா என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், பின்னால் நின்றவர் யார், எல்லாவற்றையும் சொன்னேன். வயதைக் குறைத்ததைக்கூட மறைக்கவில்லை.

“என்னைய... கேட்டிருந்தாலும்...” என்றாள். அடுத்த சொல் வர நேரமெடுத்தது. “நானும்... இல்லன்னுதான்... சொல்லியிருப்பேன் தம்பி. கொடம்... எடுக்கணும்ல.”

அவள் என்னை மன்னித்துவிட்டாள். நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்திருப்போமா? கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் இடதுகையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். என் மனைவி நின்ற அடுப்படிப் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

“அவள... கேட்டீங்களா?”

நான் கேட்டதில்லை. இருபது வருடம் ஒருத்தியோடு வாழ்ந்திருக்கிறேன். அவளுக்கு எந்தக் கத்தரிக்காய்க் கறி பிடிக்கும் என்று தெரியும். என் கட்டுரைகளில் எந்த வரியில் கொட்டாவி விடுவாள் என்றுகூடத் தெரியும். அன்று மத்தியானம் அடுப்படி வாசலில் நின்று, கர்ப்பகாலத்தில் ப்ரஷர் இருந்ததா என்று கேட்டேன். அவள் அடுப்பைக் குறைத்தாள். திரும்பவில்லை.

“ரெண்டாவதுக்கு இருந்திச்சி. பெத்ததும் எறங்கிருச்சின்னாங்க.”

“ஏன் சொல்லல?”

“நீங்க கேட்டாதான?” என்றாள். பிறகு குரலைத் தணித்து, “அண்ணிய அந்தக் கோலத்துல பாத்ததுக்குப் பொறகு சொல்லவே பயமாப் போச்சிங்க. சொன்னா எனக்கும் அப்பிடியே வந்துருமோன்னு.”

“அதுக்குப் பொறகு ப்ரஷர் பாத்தியா?”

“இல்ல.”

அடுத்த வாரமே பெண்களுக்கான கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். வரிசையில் இருந்த ஒரே ஆண் நான்தான். இப்போது தலை நரைத்துவிட்ட அதே மிசி என் மனைவியின் கையில் ப்ரஷர் பட்டியைச் சுற்றிக் காற்றை ஏற்றினார், இறக்கினார். மறுபடியும் ஏற்றினார். இரண்டாவது முறையும் பார்த்துவிட்டு, அட்டையில் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

“தலவலி வருமா?”

இல்லை என்று ஒரு சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக நான் முந்திக்கொள்ளும் இடம் அது. நான் வாயைத் திறக்காததைக் கண்டதும் மிசியின் பக்கம் திரும்பினாள்.

“வரும் மிசி,” என்றாள். “ரொம்ப நாளாவே வருது.”