பூமிக்கு ஒரு டீ

எழுபதுகளின் கடைசியில், பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த கையோடு அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. என் தலைக்கனத்தை ஏற்றத் தனியாக ஒரு லாரி வேண்டும்.

முதல் நாளே குழியில் மழைத்தண்ணீர். அதை இறைக்க, பம்ப்செட்டின் இரும்புப் பைப்பைக் கப்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே ஃபிட்டர் காதர் பாய், போல்ட் ஓட்டை நேராகும்வரை, "ஒரு நூல் ஏத்து... அரை நூல் இறக்கு" என்று அரைக்கால் அங்குலக் கணக்கில் குரல் கொடுப்பார். அதுவரை மேலே ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும்.

மேஸ்திரி ரத்தினம் என்னிடம் வந்தார். "சார், பிடிக்கிறவனுக்குக் கை மரத்துப் போவுது. மாத்திப் பிடிக்க இன்னொரு ஆளு குடுங்க."

"அவர் என்ன வேலை செய்றாரு? பைப்பு நகருதா?"

"நகரக் கூடாதுன்னுதானங்க பிடிச்சிருக்கான்!"

"விசையை நகர்ந்த தூரத்தால பெருக்கினாத்தான் வேலை. தூரம் பூஜ்யம், வேலையும் பூஜ்யம். பூஜ்யத்துக்கு எதுக்கு ரெண்டு ஆளு?"

"படிச்சவங்க சொன்னா சரிதாங்க" என்று போய்விட்டார். அந்தப் பணிவை நான் நம்பியிருக்கக் கூடாது.

மறுநாள் டீ நேரத்தில் ரத்தினம் கயிற்றை என் கையில் திணித்தார். "செத்த பிடிங்க சார். சும்மா வேலைதான? கீழ பாய் இருக்காரு, வுட்றாதீங்க." எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

முதல் நிமிடம் சிரித்தேன். ஐந்தாவது நிமிடம் தோள் நடுங்கியது. பத்தாவது நிமிடம் கண்ணுக்குள் வியர்வை. கை விட்டால் கீழே ஒரு மனிதர் நசுங்கிப் போவார். உண்மையாகவே பயந்தேன். கத்தினேன், ஒருவரும் வரவில்லை. கயிறு நழுவியது.

"பாய்!" என்று அலறினேன்.

பைப் ஒரு விரற்கடை இறங்கி நின்றுவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லாத்தான் இருக்கேன் சார்" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல். காதர் பாய் எப்போதோ மேலேறி வந்து டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையை எனக்குப் பின்னால் இருந்த இரும்பு முளையில் ரத்தினம் முன்பே கட்டி வைத்திருந்தார், ஒரு விரற்கடை தளர்வு விட்டு.

"இத்தன நேரம் பைப்பு நகரலீங்களே, வேலை பூஜ்யம். அப்பறம் ஏன் சார் வேர்க்குது?" என்றார் ரத்தினம். "நீங்க வுட்டப்பறம் ஒரு விரக்கடை நகர்ந்துச்சு. அந்த வேலை யாரு பாத்தது?"

"பூமி... ஈர்ப்பு விசை" என்று முனகினேன்.

"அப்ப பூமிக்கு ஒரு டீ சொல்லிருவமா?"

குழியே சிரித்தது. கோபம் வந்தது; அதைவிட வெட்கம் வந்தது. கடைசியில் நானும் சிரித்துவிட்டேன்.

சூத்திரத்தில் தப்பில்லை. பைப்புக்கு நான் கொடுத்த ஆற்றல் பூஜ்யம்தான். ஆனால் அதை அசையாமல் பிடிக்க, என் தசைகள் காலையில் தின்ற நாலு இட்லியையும் எரித்து வெப்பமாக மாற்றிவிட்டன. முளையும் அதே பைப்பைத்தான் பிடித்தது. அதற்கு இட்லி வேண்டாம்; ஆனால் பாய் சொல்லச் சொல்ல அரை நூல் ஏற்றி இறக்க அதனால் ஆகாது. ஆளையும் முளையையும் நான் ஒன்றாக எண்ணியிருந்தேன். அன்று மதியமே இரண்டாவது ஆளைப் போட்டேன்.

சைட்டுக்குப் புதிதாக வருகிறவர்களே, சூத்திரம் சொல்லுமுன் ஒருமுறை கயிற்றைப் பிடித்துப் பாருங்கள். பிடிக்குமுன் பின்னால் முளை இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.